எதை விடுவீர்கள்?

அரிசி வாங்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ருசி முக்கியமா? முக்கியம். விலை? அதுவும்தான். உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் இருப்பது? அதைக் கேட்கவே வேண்டாம். எந்த ஊரில் விளைந்தது, என்ன ரகம், எப்போது தீட்டியது? எல்லாமே பார்க்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னால் பெரும்பாலோரின் பேனா 4-ஐயும் 5-ஐயும் விட்டு நகராது.

இந்தப் பதில்களில் பொய் இல்லை. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ரகத்தை மேம்படுத்துவதா, விலையைக் குறைப்பதா என்று யோசிக்கிற உழவருக்கு, 'இரண்டும் 4.6' என்ற சராசரியால் என்ன பயன்? ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வகுத்துக் கொடுத்த மதிப்பீட்டு அளவுகோலின் வழிவந்த கேள்விகள்தான் இன்றும் பல கணக்கெடுப்புகளில் இருக்கின்றன. மனப்பான்மையை எளிதில் பதிவு செய்ய அது உதவியது. ஆனால் முன்னுரிமையை அறிய அதையே நம்பும்போது இரண்டு சிக்கல்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் உயர்ந்த மதிப்பெண் போடப் பதில் சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லை என்பது ஒன்று. ஒருவர் போடும் 4-ம் இன்னொருவர் போடும் 4-ம் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது மற்றொன்று. தாராளமாகப் போடுகிறவர் உண்டு, கையை இறுக்கிப் போடுகிறவர் உண்டு, எதற்கும் நடு எண்ணைத் தேடுகிறவரும் உண்டு. நாட்டுக்கு நாடு இந்தப் பழக்கம் மாறும். இரு நாட்டவரின் சராசரிகளை அருகருகே வைத்தால், தெரிகிற வேறுபாடு விருப்பத்தில் உள்ளதா, மதிப்பெண் போடும் பழக்கத்தில் உள்ளதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஒன்றை எடுக்க இன்னொன்றை விட வேண்டிய இடத்தில்தான் விருப்பத்தின் அளவு வெளியே தெரியும். எனவே விருப்பத்தை அளக்க நினைப்பவர், பதில் சொல்பவரை எதையாவது விட வைக்க வேண்டும். இந்த எளிய உண்மையைக் கேள்வியாகவும் கணக்காகவும் மாற்றிய கதைதான் இந்த அத்தியாயம்.

சோடி சோடியாக

1927-இல் அமெரிக்க உளவியலாளர் லூயி லியான் தர்ஸ்டன் ஒப்பீட்டுத் தீர்ப்பு விதியை வெளியிட்டார். அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் 266 பேரிடம் 19 குற்றங்களைக் கொடுத்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டு எது கொடியது என்று கேட்டார். எந்தக் குற்றத்துக்கும் யாரும் மதிப்பெண் போடவில்லை. 'இதைவிட அது கொடியது' என்று மட்டும் சொன்னார்கள். ஆயினும் அந்தப் பதில்களிலிருந்து 19 குற்றங்களையும் இடைவெளிகளோடு ஓர் அளவுகோலில் நிறுத்த முடிந்தது.

இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது நம் தீர்ப்பு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை தர்ஸ்டன் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். நெருக்கமாக உள்ளவற்றில் பாதிப்பேர் இப்படியும் பாதிப்பேர் அப்படியும் சொல்வார்கள். ஆக, கருத்து எந்த விகிதத்தில் பிளவுபடுகிறது என்பதே தூரத்தைக் காட்டும் கருவியாகிவிடுகிறது. தடுமாற்றத்தைப் பிழை என்று தள்ளாமல் தகவலாக எடுத்துக்கொண்டதில் அவருடைய மேதைமை இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. 19 பொருள்களுக்கு 171 சோடிகள் வரும். அத்தனைக்கும் பொறுமையோடு பதில் சொல்ல எல்லாராலும் முடியாது.

இரண்டு முனைகள்

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோர்டன் லூவியர் 1987-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு சிறு தொகுப்பைக் கொடுத்து, அதில் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது என்ற இரண்டை மட்டும் கேட்பது அவர் யோசனை. முனைகளை அடையாளம் காண்பது மனிதருக்கு எளிது. நடுவில் கிடப்பவற்றை வரிசைப்படுத்துவதுதான் தலைவலி, அதை அவர் கேட்கவே இல்லை. ஆடம் ஃபின்னுடன் சேர்ந்து 1992-இல் இந்த முறையை உணவுப் பாதுகாப்பு பற்றிய ஆய்வில் வெளியிட்டார். உணவுப் பாதுகாப்பு குறித்துக் கவலையா என்று தனியாகக் கேட்டால் கவலை என்றே மக்கள் சொல்வார்கள். மற்றப் பொதுப் பிரச்சினைகளோடு நிறுத்தி வைத்துக் கேட்டால்தான் அந்தக் கவலையின் எடை தெரியும்.

நான்கு பொருள்கள் உள்ள தொகுப்பில் ஆறு சோடிகள் உண்டு. சிறந்தது ஒன்று, மோசமானது ஒன்று என்று இரண்டைக் குறித்துவிட்டால், ஆறில் ஐந்து சோடிகளின் முடிவு தெரிந்துவிடும். நடுவில் நிற்கும் இரண்டுக்கும் இடையே எது மேல் என்பது மட்டும் தெரியாது. இரண்டு குறிகளுக்கு ஐந்து ஒப்பீடுகள் கிடைப்பது நல்ல வரவு.

சந்தை ஆய்வாளர்கள் இதை மேக்ஸ்டிஃப் என்று அழைக்கிறார்கள். தமிழில் உச்ச–நீச்சத் தேர்வு என்று சொல்லலாம்.

யாரோடு யாரை நிறுத்துவது

ஏழு பொருள்களை நான்கு நான்காகக் காட்ட வேண்டும். எந்தெந்த நான்கை? மனம்போனபடி கலந்தால் ஒரு பொருள் வலுவானவற்றோடு மட்டும் மோதித் தோற்கும், இன்னொன்று எளியவற்றோடு மோதி வெல்லும். இது நியாயமாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொருளும் சமமான தடவை வர வேண்டும், ஒவ்வொரு சோடியும் சமமான தடவை சந்திக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை வயலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஃபிராங்க் யேட்ஸ், எல்லா ரகங்களையும் ஒவ்வொரு பாத்தியிலும் விதைக்க இடம் போதாத சோதனைகளுக்காக, சமநிலையான நிறைவுறாத் தொகுதி வடிவமைப்புகளை 1936-இல் முன்வைத்தார். அவற்றை அமைக்கும் பொதுவான கணித வழிகளை 1939-இல் தந்தவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராஜ் சந்திர போஸ். மண்ணின் வேறுபாட்டால் ஒரு பயிர் ரகத்துக்கு அநியாயம் நேராமல் காக்க உருவான கணிதம், இன்று மனிதரின் விருப்பங்களை ஒப்பிடும்போது அதே நியாயத்தைக் காக்கிறது.

போஸ் பயன்படுத்திய வழிகளில் ஒன்றை இங்கேயே செய்து பார்க்கலாம். பொருள்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். முதல் கேள்வியில் 3, 5, 6, 7 ஆகியவற்றை வையுங்கள். அடுத்த கேள்விக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 7-க்கு அடுத்தது மறுபடி 1. அப்போது 4, 6, 7, 1 கிடைக்கும். பிறகு 5, 7, 1, 2. பிறகு 6, 1, 2, 3. பிறகு 7, 2, 3, 4. பிறகு 1, 3, 4, 5. கடைசியாக 2, 4, 5, 6. ஏழு கேள்விகள் முடிந்தன. எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு பொருளும் சரியாக நான்கு தடவை வந்திருக்கிறது, 21 சோடிகளில் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை சந்தித்திருக்கிறது. ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனதில் முழுச் சமநிலை தானாக அமைந்துவிட்டது. கணிதத்தின் அழகை ஒரு நிமிடத்தில் காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம்.

ஒருவரின் தாளைத் திருத்துவோம்

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிடியோ ஐசாகி, ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளுக்கு சப்போர்ட்.பி.டபிள்யூ.எஸ் என்ற தொகுப்பை எழுதியிருக்கிறார். உச்ச–நீச்சத் தேர்வுக்காகவே செய்யப்பட்டது அது. அதில் பழகுவதற்குக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு அரிசி பற்றியது. ஏழு தன்மைகள்: விளைந்த இடம், ரகம், விலை, ருசி, பாதுகாப்பு, கழுவாமலே உலையில் போடக்கூடிய தன்மை (சுருக்கமாகக் 'கழுவாத அரிசி'), தீட்டிய தேதி. இவற்றுக்கு இதே வரிசையில் 1 முதல் 7 வரை எண் கொடுப்போம்.

ஒருவர் மனத்தில் ருசி முதலிடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பாதுகாப்பு, பிறகு விலை, இடம், ரகம், தேதி. கழுவாத அரிசி அவருக்குக் கடைசி. மேலே அமைத்த ஏழு கேள்விகளையும் அவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் கேள்வியில் விலை, பாதுகாப்பு, கழுவாத அரிசி, தேதி இருக்கின்றன. அவர் பாதுகாப்பை மிக முக்கியமானது என்றும் கழுவாத அரிசியை மிகக் குறைவானது என்றும் குறிப்பார். இப்படியே ஏழையும் முடித்தால் ருசி நான்கு தடவையும், பாதுகாப்பு இரண்டு தடவையும், விலை ஒரு தடவையும் மேலே வரும். கழுவாத அரிசி நான்கு தடவையும், தேதி இரண்டு தடவையும், விளைந்த இடம் ஒரு தடவையும் கீழே விழும். மேலே வந்த எண்ணிக்கையிலிருந்து கீழே விழுந்ததைக் கழித்தால் கிடைக்கும் மதிப்பெண்கள் இவை: ருசி +4, பாதுகாப்பு +2, விலை +1, ரகம் 0, இடம் −1, தேதி −2, கழுவாத அரிசி −4.

கூட்டினால் பூஜ்யம். எல்லாரிடமும் பூஜ்யமே வரும். ஒரு பொருள் ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் கணக்கிலேயே இருக்கிறது. தாராளமானவரும் கை இறுக்கமானவரும் இங்கே ஒரே தராசில் நிற்கிறார்கள். ஜெர்மனி, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா, இந்தியா, தென் கொரியா ஆகிய ஆறு நாடுகளின் நுகர்வோரைச் சமூக, அறநெறிக் கேள்விகளில் ஒப்பிட்டு ஆகர், டெவின்னி, லூவியர் முதலானோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையை நாடியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டவரின் மனத்தில் இடம் ரகத்துக்கு மேலே இருந்தது. ஆனால் மதிப்பெண்ணில் இடம் −1, ரகம் 0. வரிசை தலைகீழாகிவிட்டது! ஆறாவது கேள்வியில் இடத்தோடு நின்றவை விலை, ருசி, பாதுகாப்பு. மூன்றுமே அதைவிட வலியவை, அதனால் அது கீழே விழுந்தது. ரகம் அப்படி மூன்று வலியவற்றிடம் ஒரே இடத்தில் சிக்கவில்லை. ஒரே ஒருவரின் தாளில் முனைகள் துல்லியமாகத் தெரியும், நடுப்பகுதி மங்கலாக இருக்கும். பலரிடம் கேட்பதும், எண்ணிக்கையோடு நிற்காமல் ஒரு கணித மாதிரியைப் பொருத்துவதும் இந்த மங்கலைத் தெளிய வைக்கத்தான்.

எண்ணிக்கை மட்டுமே போதுமான இடங்களும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் சைஃப் முகமது 20,000 ஆங்கிலச் சொற்களின் உணர்ச்சி அளவைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார். நான்கு சொற்களைக் காட்டி, மிக இனிய பொருள் தருவது எது, மிகக் கசப்பான பொருள் தருவது எது என்ற வகையில் கேட்கப்பட்டது. கிடைத்த விடைகளில், ஒரு சொல் மேலே வந்த விகிதத்திலிருந்து கீழே வந்த விகிதத்தைக் கழித்ததே அதன் மதிப்பெண். நேரடியாக மதிப்பெண் போடச் சொல்வதைவிட இப்படிக் கேட்டால் மறுபடி கேட்கும்போதும் முடிவுகள் அதிகம் ஒத்து வருவதை அவரும் ஸ்வெட்லானா கிரிச்சென்கோவும் 2017-இல் காட்டியிருந்தார்கள்.

மென்பொருளின் உள்ளே

நான்கு பொருள்களில் ஒன்று சிறந்தது, மற்றொன்று மோசமானது என்று குறிக்க 12 வழிகள் உண்டு. இரண்டு பொருள்களுக்கும் இடையே மனத்தில் உள்ள தூரம் எவ்வளவு பெரியதோ, அந்தச் சோடி இரு முனைகளாகக் குறிக்கப்படும் வாய்ப்பும் அவ்வளவு பெரியது என்று கணித மாதிரி கொள்கிறது. சிறந்ததை நான்கிலிருந்து முதலில் எடுத்து, எஞ்சிய மூன்றிலிருந்து மோசமானதை எடுப்பதாகக் கொள்ளும் வேறொரு வடிவமும் உண்டு. இவற்றின் கணித அடித்தளத்தை மார்லியும் லூவியரும் 2005-இல் விரிவாக நிறுவினார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு மூத்தவர் டேனியல் மெக்ஃபேடன். மனிதர் எதைத் தேர்வார் என்பதன் நிகழ்தகவைக் கணிக்கும் அவருடைய மாதிரி, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் புதிதாக வரவிருந்த பார்ட் ரயிலை எத்தனை சதவீதத்தினர் பயன்படுத்துவார்கள் என்று கணித்தது. அதிகாரப்பூர்வ மதிப்பீடு 15 சதவீதம். மாதிரி சொன்னது 6.3 சதவீதம். ரயில் ஓடியபின் கண்டது 6.2 சதவீதம். 2000-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவர் ஜேம்ஸ் ஹெக்மனோடு பகிர்ந்துகொண்டார்.

ஆர் மென்பொருளில் வேலை நான்கு படிகளில் நடக்கிறது. கிராஸ்டெஸ் என்ற தொகுப்பு, நாம் கையால் செய்த சமநிலை வடிவமைப்பைத் தேடித் தருகிறது. ஐசாகியின் தொகுப்பு அதைக் கேள்விகளாக அச்சிடுகிறது. விடைகள் வந்தபின் அவற்றைக் கணக்குக்கு ஏற்ற அட்டவணையாக விரிக்கிறது. ஒரு கேள்விக்கு 12 வரிசைகள் என்பதால், 100 பேர் ஏழு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 8,400 வரிசைகள் வரும். பன்னிரண்டில் உண்மையில் குறிக்கப்பட்ட ஒன்றுக்கு 1, மற்றவற்றுக்கு 0.

நான்காம் படியில் மாதிரியைப் பொருத்துவது கிளாஜிட் என்ற கட்டளை. அது இருப்பது சர்வைவல் தொகுப்பில், அதாவது நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடிருப்பார்கள் என்பதை ஆராயும் மருத்துவப் புள்ளியியலுக்காக எழுதப்பட்டதில். நோயுற்ற ஒருவரை அவருக்கு ஒப்பான நோயில்லாத சிலரோடு ஒப்பிடும் கணக்கும், தேர்ந்தெடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுக்காத பதினொன்றோடு ஒப்பிடும் கணக்கும் வடிவத்தில் ஒன்றே. ஒரு துறையின் கருவி இன்னொரு துறைக்கு மாற்றமின்றிப் பொருந்துவது புள்ளியியலில் அடிக்கடி நிகழும் அற்புதம்.

முடிவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கிடைக்கும். ஏதாவது ஒன்றைப் பூஜ்யம் என்று நிறுத்தி, மற்றவற்றை அதிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு எண்களுக்கு இடையே 0.7 வேறுபாடு இருந்தால், அந்த இரண்டு மட்டும் எதிரெதிரே நிற்கும்போது மூவரில் இருவர் பெரியதைத் தேர்வார்கள். 1.4 என்றால் ஐவரில் நால்வர். '4.6 மதிப்பெண்' என்பதைவிட இந்த வாக்கியம் எவ்வளவு பயனுள்ளது!

சராசரி மறைப்பது

50 பேருக்கு விலையே எல்லாம், 50 பேருக்கு விலை ஒரு பொருட்டே இல்லை என்று கொள்ளுங்கள். முதல் குழுவினரிடம் விலை +4, இரண்டாம் குழுவினரிடம் −4. நூறு பேரின் சராசரி 0. அறிக்கையைப் படிப்பவர் விலையை எல்லாரும் நடுத்தரமாகவே நினைக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். உண்மையில் அந்த நூறு பேரில் ஒருவர்கூட அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் சராசரியோடு, விடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் பார்க்க வேண்டும். பதில் சொன்னவர்களை ஒத்த மனத்தினராகப் பிரிக்கும் மறைவகுப்பு மாதிரிகளும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பைக் கணிக்கும் படிநிலை பேய்சியன் முறையும் இந்தத் தேவையால் வளர்ந்தவை.

பெரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இந்த அளவுகோலில் கிடைப்பது ஒப்பீடு மட்டுமே. ஏழும் பிடிக்காதவையாக இருந்தாலும் ஒன்று முதலிடம் பெறும். ஏழும் உயிருக்குத் தேவையானவையாக இருந்தாலும் ஒன்று கடைசியில் நிற்கும். கடைசியில் நிற்பது வேண்டாதது என்று படிப்பது இந்த முறையைத் தவறாகக் கையாள்வதாகும். குடிநீர், மின்சாரம், சாலை, பள்ளி ஆகியவற்றில் சாலை கடைசியாக வந்தது என்று சாலைக்கான நிதியை வெட்டுகிற அதிகாரிக்கு இந்தக் கணக்கு துணைபோகாது.

வாழ்க்கையின் ஐந்து பக்கங்கள்

இந்த முறை ஆழமாகப் பயன்பட்ட இடம் முதுமை. ஒரு மருத்துவமோ கவனிப்போ எவ்வளவு மதிப்புள்ளது என்று பொருளாதார வல்லுநர்கள் கணக்கிடும்போது, உடல்நலம் ஒன்றையே பெரும்பாலும் அளந்தார்கள். ஒரு நிலையின் மதிப்பை அறிய, அதிலிருந்து விடுபட ஆயுளில் எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்பது வழக்கமான வழிகளில் ஒன்று. முதியவரிடம் இப்படிக் கேட்பது கடினம், பதில் சொல்வது அதைவிடக் கடினம்.

இங்கிலாந்தில் ஜோனா கோஸ்ட், டெர்ரி ஃபிளின் முதலானோர் அமர்த்தியா சென்னின் இயலுமைக் கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டு ஐஸ்கேப்-ஓ என்ற அளவையை உருவாக்கினார்கள். முதியவர் ஒருவரால் எப்படி வாழ முடிகிறது என்பதை அது ஐந்து பக்கங்களாகப் பார்க்கிறது: அன்பும் நட்பும், வருங்காலம் பற்றிய அச்சமின்மை, தன்னை மதிப்புள்ளவராக உணரவைக்கும் வேலைகள், மகிழ்ச்சி, பிறரைச் சாராதிருத்தல். ஒவ்வொன்றிலும் நான்கு நிலைகள், ஆகவே 1,024 விதமான வாழ்க்கைகள். அவற்றில் சிலவற்றை மட்டும் அட்டைகளில் எழுதிக் காட்டினார்கள். நட்பு நிறைய உண்டு, வருங்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கவலை உண்டு, மகிழ்ச்சி குறைவு என்று ஓர் அட்டை விவரிக்கும். இந்த வாழ்க்கையில் மிக நல்ல அம்சம் எது, மிக மோசமான அம்சம் எது என்பதுதான் கேள்வி. யாரும் ஆயுளை விலை பேச வேண்டியதில்லை. 2008-இல் வெளியான முடிவில் மிகுந்த மதிப்பைப் பெற்றது அன்பும் நட்பும்.

அந்த ஐந்து பக்கங்களை ஆய்வாளர்கள் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. முதியவர்களை நேரில் சந்தித்து, வாழ்வில் அவர்களுக்கு எது பொருட்டு என்று நெடுநேரம் பேசி, அந்தப் பேச்சிலிருந்து எடுத்தார்கள். கேள்விகளைச் சமநிலையாக அடுக்க போஸின் கணிதம் இருக்கிறது. விடைகளை எண்ணாக்க ஆர் இருக்கிறது, அதுவும் ஒரு காசு செலவில்லாமல், ஒரு மடிக்கணினி வைத்திருக்கும் எந்த மாணவருக்கும். ஆனால் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை எந்த மாதிரியாலும் மேலே கொண்டுவர முடியாது. கேட்கப்படாத விருப்பத்துக்கு மதிப்பெண் கிடையாது, குறைந்தபட்சம் −4 கூடக் கிடையாது. எனவே இந்தக் கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் மென்பொருளைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை, யாருடைய விருப்பத்தை அளக்கப் போகிறோமோ அவர்களிடம் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி வருவது.